பின்பக்கம் உங்கள் பெயர் எழுதியிருந்த படம்

என் அன்பு மதினி,

நாளைக்கு உங்கள் முதல் வருஷத் திதி. காலையிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருக்கிறேன். என் துணிப்பைக்குள் பேப்பரில் சுற்றிய ஒரு போட்டோ இருக்கிறது. அதை வெளியே எடுப்பதா வேண்டாமா? உங்களைத் தவிர யாரிடம் கேட்பேன்?

முதலில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் போன அன்று, பிளெக்ஸ் அடிக்கப் படம் வேண்டும் என்று எல்லாரும் அவசரப்படுத்தினார்கள். அழுதுகொண்டே உங்கள் பீரோவைக் குடைந்தேன். பட்டுப் புடவை மடிப்புக்குள் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். உயர்த்திப் போட்ட கொண்டை, லேசாகத் தூக்கிய தாடை, ஓரப் பார்வை. கல்யாணமான புதிதில் நீங்கள் அப்படித்தான் கொண்டை போடுவீர்கள். மூக்கு மட்டும் கொஞ்சம் உதைத்தது. பின்பக்கம் திருப்பினால், ‘மா. தெய்வானை, கட்டுமாவடி’ என்று உங்கள் கையெழுத்து. அப்புறம் எனக்கென்ன சந்தேகம்?

கடைக்காரர் புடவைக்குப் பச்சை நிறம் ஏற்றி, நகையெல்லாம் மினுக்கிக் கொடுத்தார். “சின்ன வயசுல எம்புட்டு லெட்சணமா இருந்திருக்கு!” என்று வந்தவர்கள் வாய் பிளந்தார்கள். அடையாளம் தெரிந்தவர்கள் சாவு வீட்டில் சொல்லத் தயங்கினார்களோ என்னவோ. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அதே படத்தைச் சட்டம் போட்டுச் சுவரிலும் மாட்டினோம்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை டிவியில் பழைய பாட்டு ஓடியது. உங்கள் பேத்தி எழுந்து குதித்தாள். “அப்பத்தா ஆடுறாங்க! அப்பத்தா டிவில வந்துட்டாங்க!” எல்லாரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே டிவியைப் பார்த்தேன், சுவரைப் பார்த்தேன். அதே கொண்டை, அதே தாடை, காதில் அதே தொங்கட்டான். அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ஏன் மதினி, எவர்சில்வர் குடத்தில் பெயர் வெட்டுவது போலவா நடிகை படத்தில் பெயர் எழுதி வைப்பது? யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயமா?

ரவிக்கைத் துணி எடுக்கப் போகிறோம் என்று அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டுப் புதுக்கோட்டைக்கு அவள் படம் மேட்னி பார்க்கப் போவோமே. படம் முடிந்து கதையைக் கேட்டால் உங்களுக்குத் தெரியாது. “கதை கெடக்குது, விடுத்தா. அவ திரும்புறதப் பாத்தியா? கழுத்து மொதல்ல வருது, கண்ணு பின்னாடி வருது.” திரும்பி வரும் பஸ்ஸில் அதே போலக் கழுத்தைத் திருப்பி என்னைப் பார்ப்பீர்கள். நான் சிரித்ததும் நீங்களும் சிரிப்பீர்கள், முந்தானையால் வாயை மூடிக்கொண்டு. முன்னால் துருத்தியிருந்த அந்த ஒரு பல்லுக்காகவே போட்டோ என்றால் ஓடி ஒளிந்தீர்கள்.

அந்த நடிகைக்கு, அதான் உங்கள் ஆளுக்கு, இன்றைக்கும் மவுசு குறையவில்லை. காலேஜ் விழாவுக்கு அதே கொண்டையைப் போட்டுக்கொண்டு போய்ப் பிள்ளைகள் செல்போனில் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அவளை யாரும் மறக்க விடமாட்டார்கள். உங்களை? உங்கள் பேத்தி வளர்ந்து, அவள் முகத்தையே உங்கள் முகம் என்று நினைத்துக்கொண்டால்? அந்த நினைப்புதான் என்னைப் போட்டு அரிக்கிறது.

வீடு முழுக்கத் தேடினேன். ஆதார் அட்டையில் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது மாதிரி முழிக்கிறீர்கள். கடைசியில் என் கல்யாண ஆல்பத்தில் ஒரு ஓரத்தில் கிடைத்தீர்கள். இரண்டு கையிலும் ஆரத்தித் தட்டு. முந்தானையைத் தூக்கக் கை இல்லை. வாய் நிறையச் சிரிப்பு, பல் முதற்கொண்டு. அதைத்தான் பெரிதாக்கிப் பைக்குள் வைத்திருக்கிறேன்.

நேற்றுச் சாயங்காலம் அண்ணனிடம் மென்று விழுங்கிச் சொன்னேன்.

“அண்ணே, சுவத்துல இருக்கறது மதினி இல்லண்ணே.”

“தெரியும்.”

“எப்பருந்து?”

“பிளெக்ஸ் கட்டுனன்னைக்கே. நாப்பத்தஞ்சு வருசமாப் பாத்த மூஞ்சி எனக்குத் தெரியாதா?”

“பெறகு ஏண்ணே சொல்லல?”

அண்ணன் படத்தில் காய்ந்திருந்த பூவை எடுத்துக் கீழே போட்டார். “அந்தப் பொம்பளைக்குன்னா கை நடுங்காம மாலை போட்டுறலாம்த்தா. அவளுக்கு எப்புடிப் போடுவேன்?”

உங்கள் நிஜப் படம் என் பைக்குள் இருக்கிறது என்று மட்டும் சொன்னேன், மதினி. ஒரு வருஷமாக அந்த மனுஷன் தினமும் யாரோ ஒருத்திக்குப் பூ வைத்துவிட்டு, உங்களை உயிரோடு வைத்திருந்திருக்கிறார். அதைப் போய் நான் கெடுக்கிறேனா? ராத்திரியும் இதேதான், பகலும் இதேதான்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அண்ணன் வந்து நின்றார். பையைக் கண்ணால் காட்டிக் கேட்டார்.

“பல்லு தெரியுதா?”

“நல்லாத் தெரியுதுண்ணே.”

கண்ணைத் துண்டால் துடைத்துக்கொண்டார். “அப்பச் சரி. மாலை போடையில நீ பக்கத்துலயே நில்லுத்தா.”

நிற்பேன், மதினி. அவர் கை நடுங்கினால் நான் பிடித்துக்கொள்கிறேன். உங்கள் ஆளைப் பத்திரமாகப் பழைய பட்டுப் புடவைக்குள்ளேயே வைத்துவிடுகிறேன். பின்பக்கம் உங்கள் பெயர்தான் இருக்கிறதே, யாரும் தூக்கிக்கொண்டு போக மாட்டார்கள். பேத்தி வந்து இது யார் என்று கேட்டால், சிரிக்கிறதுதான் உன் அப்பத்தா என்று சொல்கிறேன்.

உங்களோடு பொய் சொல்லிவிட்டு மேட்னிக்கு வந்த நாத்தனார்,
செல்வி