தலையீற்றுக் கிடாரிக்கு ஏற்ற காளை

கெயர்ன்ஹில் பண்ணை,
ஏப்ரல், செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள மோர்வென்னுக்கு,

இங்கே அப்பா கைத்தடி ஊன்றிக் கொட்டில் வரை நடக்கிற அளவுக்கு நலம், நான் அவர் பின்னாலேயே ஓடி உட்கார் உட்கார் என்று கத்துகிற அளவுக்கு நலம், நீயும் மாப்பிள்ளை டேலும் அந்தத் தூரதேசக் குளிரில் இருமல் சளி இல்லாமல் இருக்கிறீர்களா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும். உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. புது அடுப்பைப் பற்றியும் பனியில் வண்டி மாட்டிக்கொண்டதைப் பற்றியும் எழுதியிருந்ததை அப்பாவுக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன், கடைசிப் பக்கத்தை மட்டும் சமையலறையில் தனியாக வாசித்தேன், அதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. டேல் மாதக் கடைசி ஏலத்தில் ஒரு ஷார்ட்ஹார்ன் ஜாதிக் காளையைக் குறி வைத்திருக்கிறான், கதவு அகலத்துக்குத் தோள், கண்காட்சியில் முதல் பரிசு, வாங்கியதும் உங்கள் கிடாரிகளோடு விடப்போகிறான் என்று எவ்வளவு சந்தோஷமாக எழுதியிருக்கிறாய். அத்தனையும் தலையீற்றுக் கிடாரிகள், முதல் கன்று ஈனப்போகிறவை என்றும் நீயே எழுதியிருக்கிறாய். ஷார்ட்ஹார்ன் என்றாலே சுலபமாக ஈனும் என்று டேல் சொன்னானாம். அதே வார்த்தையை நான் இந்த வீட்டில் கேட்டிருக்கிறேன் கண்ணு, உன் அப்பா வாயிலிருந்து.

போன வருஷம் அப்பா கொட்டிலில் விழுந்துவிட்டார், இடுப்பில் அடி, தேறி வருகிறார் என்று உனக்குப் போனில் சொன்னேன் அல்லவா. நீ போய் ஒரு மாசம்கூட ஆகியிருக்கவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டே, "அவகிட்ட முழுசா சொல்லிடாதே, டிக்கெட் வாங்கிட்டு ஓடி வந்துடுவா" என்று அப்பாதான் சொன்னார். இப்போது சொல்லாவிட்டால் என் மனசு என்னைத் தின்றுவிடும், அதனால் அடுப்பில் உருளைக்கிழங்கைப் போட்டுவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன், கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நம் பழைய காளைக்குக் கால் போனதும் அப்பா புதிதாக வாங்கி வந்தாரே பிரின்ஸ், அவனை நீயும் பார்த்திருக்கிறாய். ஏலத்தில் அவன் நடந்து வந்தபோது பக்கத்துப் பண்ணைக்கார வாட்டி அப்பாவின் விலாவில் இடித்து, "அலஸ்டர், இவன் பின்பக்கத்தைப் பாருடா, இவன் கன்னுங்க சந்தைக்கு வந்தா கசாப்புக்காரன் எல்லாம் கைகட்டி வரிசையில நிப்பான்" என்றான். அப்பாவும் அதைத்தான் பார்த்தார், வேறெதையும் பார்க்கவில்லை. வாட்டி சொன்னது பொய்யும் இல்லை, பிரின்ஸ் நாலைந்து ஈற்று கண்ட பெரிய பசுக்களோடு போனபோது கன்றுகள் தடியாகப் பிறந்தன, பசுக்களும் சமாளித்துக்கொண்டன, சந்தையில் நல்ல பேர் கிடைத்தது. அந்த மிதப்பில் அடுத்த கோடையில் கிடாரிகளையும் அவனோடேயே விட்டார். நான் வேண்டாம் என்றேன், "ஷார்ட்ஹார்ன்தானே, தானா ஈனும் போ" என்றார்.

தானாக ஈனவில்லை மோர்வென். போன வருஷம் மார்ச்சில் ஒவ்வொரு கிடாரிக்கும் தலை வந்தால் தோள் வராது, தோள் வந்தால் இடுப்பு சிக்கும். கால்நடை டாக்டர் லோர்னா ஸ்கீன் நம் வீட்டிலேயே குடியிருக்கிற மாதிரி ஆகிவிட்டாள், இரண்டு கிடாரிகளை வயிற்றைக் கிழித்துத்தான் காப்பாற்றினாள். நாங்கள் இரண்டு பேரும் வாரக்கணக்கில் உடுப்பு மாற்றாமல் ஒருவரை ஒருவர் சீறிக்கொண்டு திரிந்தோம். ஒரு காலை நான் கீழ்வயலில் ஆடுகளுக்குத் தீனி வைக்கப் போயிருந்தேன், சிவப்புக் கிடாரி ஒருத்திக்கு முன்னங்கால் இரண்டும் வெளியே வந்து அப்படியே நின்றுவிட்டது. என்னைக் கூப்பிட்டிருக்கலாம், லோர்னாவைக் கூப்பிட்டிருக்கலாம், அப்பா தனியாகவே கன்றின் காலில் சங்கிலியை மாட்டி, கன்று இழுக்கிற நீளத் தண்டுக் கருவியை வைத்து இழுத்திருக்கிறார். பாவம் அந்தக் கிடாரி, வலி தாங்காமல் சுழன்று விழுந்திருக்கிறாள், கருவியின் தண்டும் அவளோடு சுழன்று அப்பாவைக் கம்பிக் கதவோடு வைத்து நசுக்கிவிட்டது. நான் திரும்பி வந்தபோது நாய் விடாமல் குரைத்துக்கொண்டிருந்தது, அப்பா வைக்கோலில் சாம்பல் நிறமாகக் கிடந்தார். என்னைப் பார்த்ததும், "என்னை விடு, கன்னைப் பாரு" என்றார். கன்று எப்போதோ போயிருந்தது. கிடாரிக்குப் பின்னங்கால்கள் மரத்துப்போய் எழவே முடியவில்லை, நாலு நாள் புரட்டிப் புரட்டிப் படுக்கவைத்துப் பார்த்தோம், கடைசியில் லோர்னா ஊசி போட்டு அவள் வேதனையை முடிக்க வேண்டியதாயிற்று. அப்பாவுக்கு இடுப்பு எலும்பு இரண்டு இடத்தில் முறிவு. ஆம்புலன்ஸ் அபர்டீன் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் அவர் கை என் கைக்குள் சில்லென்று இருந்தது.

அடுத்த வாரம் நான் முற்றத்தில் நின்று, இந்தக் கிடாரிகளே சரியில்லை, எல்லாவற்றையும் விற்றுவிடப் போகிறேன் என்று அழுதபோது லோர்னா கையைக் கழுவிக்கொண்டே, "இஷ்பெல், கிடாரிகளைத் திட்டாதீங்க, அதுங்க என்ன பண்ணும், நீங்க விட்ட காளையோட கன்னைத்தானே சுமந்துச்சுங்க. பிரின்ஸை உங்க பெரிய பசுக்களுக்கு வெச்சுக்கோங்க. சின்னதுங்களுக்கு வேற காளை பாருங்க" என்றாள். அப்பாவிடம் போய்ச் சொன்னேன். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு, "நான் எழுந்து வர்ற வரைக்கும் நீ எந்தக் காளையும் வாங்கக் கூடாது" என்றார். அவர் எழுந்து வர இலையுதிர் காலம் ஆகிவிடும் என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள், கிடாரிகளைக் காளையோடு விடுகிற பருவம் ஜூனில். மே மாத ஏலத்துக்கு அவரிடம் சொல்லாமல் வாட்டியின் வண்டியில் ஏறிப் போனேன். என் வாழ்க்கையில் ஏலத்தில் நான் கை தூக்கியதே கிடையாது.

டேலுக்கு இதைக் கட்டாயம் வாசித்துக் காட்டு. ஏலக் களத்துக்குள் வந்த பிறகு பார்த்தால் எல்லாக் காளையும் ராஜாதான், சீவி, எண்ணெய் பூசி, தலையைத் தூக்கி நடத்தி வருவார்கள். நான் விடிந்ததுமே பட்டிக்குப் போய் ஒவ்வொன்றாகச் சுற்றி வந்தேன். தோள் தட்டையாக உடம்போடு ஒட்டியிருக்கிறதா, தலை ஒடுங்கியிருக்கிறதா, உடம்பு நீளமா என்று பார்த்தேன், நீளமான கன்று வழுக்கி வந்துவிடும், கட்டையும் தடியுமானதுதான் சிக்கும். நடக்கவிட்டுக் காலையும் குளம்பையும் பார்த்தேன், நம் மேட்டு வயலில் ஏற முடியாத காளையால் என்ன பிரயோஜனம். பிறகு ஏலப் புத்தகத்தில் ஒவ்வொரு காளைக்கும் எண்கள் போட்டிருப்பார்கள் அல்லவா, பிறப்பு எடை, சினைக்காலம், ஈனும் சுலபம், பிறகு எவ்வளவு வளரும் என்பதெல்லாம், அதில் நான் தேடியது பிறக்கும்போது லேசாக இருந்து பிறகு வேகமாக வளர்கிற கன்றைத் தருகிற ஒன்றை. லேசு மட்டும் பார்த்தால் கடைசியில் முயல் அளவுக் கன்றுதான் மிஞ்சும், இறைச்சி மாடு வளர்க்கிறவனுக்கு அதுவும் நஷ்டம். இன்னொரு எண் உண்டு, அந்தக் காளையின் மகள்கள் நாளைக்குச் சுலபமாக ஈனுவார்களா என்று சொல்வது, அதை யாரும் பார்ப்பதில்லை, பெண் கன்றுகளை வைத்துக்கொள்கிற நாம்தான் பார்க்க வேண்டும். இளங்காளையின் எண்கள் வெறும் கணிப்பு என்று லோர்னா எச்சரித்திருந்தாள், அதனால் விற்க வந்தவர்களிடம் வாய்விட்டுக் கேட்டேன், இவன் தாய்க்கு எப்போதாவது கை கொடுத்து இழுத்தீர்களா, மடி எப்படி, குணம் எப்படி, இவன் அக்காமார் எப்படி ஈன்றார்கள் என்று. ஒருவர் கோபித்துக்கொண்டு, "காளை வாங்க வந்தீங்களா, பொண்ணு பார்க்க வந்தீங்களா?" என்றார். அவரிடம் நான் வாங்கவில்லை.

ஒரு ஓரத்துப் பட்டியில் சிவப்பும் வெள்ளையும் கலந்த காளை ஒன்று நின்றது, மற்றதைவிடச் சின்ன உருவம், பரிசு ரிப்பன் இல்லை, கூட்டமும் இல்லை. அவனை வளர்த்த பெண்மணி எதையும் மறைக்கவில்லை, தாய் ஒவ்வொரு வருஷமும் வயலிலேயே தனியாக ஈன்று கன்றோடு நடந்து வருவாள், ஒரே ஒரு தரம் கன்று திரும்பியிருந்தது, அப்போது இழுத்தோம் என்றாள். அந்த ஒரு தரத்தைச் சொன்னதால்தான் மற்றதை நம்பினேன். வாங்கிவிட்டேன். வண்டியில் ஏற்றும்போது வாட்டி சிரித்துச் சிரித்து இருமினான், "இஷ்பெல், அலஸ்டர் இவனைப் பார்த்துட்டு காளை எங்கேன்னு கேட்டா என்ன சொல்லுவே, பின்னாடி வருதுன்னா?" என்றான். காளைக்கு ரோவன் என்று பெயர் வைத்தேன். அப்பா வீட்டுக்கு வந்த அன்று சக்கர நாற்காலியை வேலியோரம் தள்ளச் சொன்னார், ரொம்ப நேரம் பார்த்தார். "கன்னுக்குட்டியை வாங்கிட்டு வந்திருக்கே" என்றார், அவ்வளவுதான். அதற்கப்புறம் மாசக்கணக்கில் அந்தக் காளையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, தேநீர் கோப்பையை வைத்தால் வாங்கிக்கொள்வார், பால் போதுமா என்றால் தலையை ஆட்டுவார். உன்னிடம் போனில் எல்லாம் சுகம் என்று சொன்ன நாட்கள் அவை.

இந்தக் குளிர்காலம் முழுக்க நான் பட்ட பயத்தை யாரிடம் சொல்ல. அவர் பேச்சை மீறி வாங்கிய காளை, இந்த வருஷமும் கொட்டிலில் ரத்தக்களறி என்றால் நான் அவர் முகத்தில் எப்படி விழிப்பேன். கிடாரிகள் கொழுத்துவிட்டால் கன்று வருகிற வழி அடைபடும் என்று தீனியை அளந்து போட்டேன், அளந்து போட்டால் ஈனத் தெம்பிருக்காதோ என்று மறுநாள் ஒரு கை கூடப் போட்டேன். மார்ச் பிறந்ததும் ஒரு மத்தியானம் முதல் கிடாரி ஓரமாகப் போய் வாலைத் தூக்கினாள். பனிக்குடம் உடைந்தது, இரண்டு குளம்பு தெரிந்தது. நான் வீட்டுக்கு ஓடி லோர்னாவுக்குப் போன் செய்து, வெந்நீரும் கயிறும் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தால் வைக்கோலில் ஈரமாக ஒரு கன்று தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, தாய் நக்கிக்கொண்டிருக்கிறாள். நான் வாளியைக் கீழே வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதேன். அப்பா வாசலில் தடியை ஊன்றி நின்றுகொண்டிருந்தார், எப்போது வந்தாரோ. "நீ கை வெச்சியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். போய்விட்டார்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக ஈன்றன, பெரும்பாலும் நாங்கள் காலையில் போய்ப் பார்த்தால் கன்று எழுந்து பால் குடித்துக்கொண்டிருக்கும். ஒருத்திக்கு மட்டும் பின்னங்கால் முதலில் வந்தது, லோர்னா ஓடி வந்து உயிரோடு எடுத்தாள், எந்தக் காளையை வாங்கினாலும் அது நடக்கத்தான் செய்யும், அதனால் டேல் எதை வாங்கினாலும் டாக்டர் போன் நம்பரைக் கொட்டில் கதவிலேயே எழுதி வையுங்கள். என் பயம் இன்னும் தீரவில்லை. வாட்டி வேலி மேல் சாய்ந்துகொண்டு, "சின்னதாப் பொறந்தது சின்னதாவே நிக்கும், இலையுதிர் காலத்துல தெரியும் உன் சாமர்த்தியம்" என்கிறான். புல் தலைகாட்டியதிலிருந்து கன்றுகள் நன்றாகத்தான் தேறுகின்றன, ஆனால் எடை போடுகிற வரை எனக்கும் தெரியாது, தெரியாததைத் தெரியும் என்று உனக்கு எழுதமாட்டேன். கொட்டிலில் ஒருவருக்கும் அடிபடவில்லை, அதுமட்டும் தெரியும்.

உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்தை நேற்றுதான் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன், காட்டாமல் இருக்க முடியவில்லை. கஞ்சியைப் பாதியில் வைத்துவிட்டார். "அவன் கொட்டிலுக்குள்ள போகும்போது மோர்வென் எங்கே நிப்பா?" என்று கேட்டார். டேல் பக்கத்தில்தான் நிற்பாள், கருவியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள் என்றேன். எழுதி முடித்ததும் நான் கடிதத்தை அனுப்புவதோடு நிறுத்தக் கூடாதாம், அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை, கடிதம் உங்களுக்கு வந்து சேர்ந்த பிறகு, அவரே டேலோடு போனில் பேசப்போகிறாராம். அப்பாவுக்கும் போனுக்கும் எவ்வளவு தூரம் என்று உனக்குத் தெரியும். நான் சிரித்துவிட்டேன், மாப்பிள்ளை மாமனார் பேச்சைக் கேட்பானா என்றேன். அதற்கு அவர், "மாமனார் பேசறேன்னா கேக்க மாட்டான். இடுப்பொடிஞ்சவன் ஒருத்தன் பேசறான்னு சொல்லு, கேப்பான்" என்றார்.

ஆகவே அந்த ஞாயிறு உங்கள் காலை நேரத்தில் இரண்டு பேரும் வீட்டில் இருங்கள். டேல் மேல் எனக்குக் கோபம் இல்லை, நல்ல பிள்ளை, ஆசைப்படுகிற வயசு. பெரிய காளையை ஆசைப்பட்டு வாங்கினால் வாங்கட்டும், பெரிய பசுக்களோடு விடட்டும், கிடாரிகள் பக்கம் விடாமல் நீ குறுக்கே நின்றுகொள். தனியாக யாரும் ஈனுகிற மாட்டுக்கிட்டே போகக் கூடாது, இதை மட்டும் எனக்குச் சத்தியம் செய்துகொடு. கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி தனியாக அனுப்பியிருக்கிறேன். கடவுள் உங்கள் இருவர் தலைமேலும், உங்கள் கொட்டில் மேலும் கை வைத்துக் காக்கட்டும்.

உன் நினைப்பாகவே இருக்கும்,
அம்மா (இஷ்பெல்)