என் எல்லைக்குள் ஒரு பானை

மார்ச் 3, 1927. வியாழன்.

நிலத்தின் கிழக்கு மூலையில், காட்டு மாமரத்தடியில், யாரோ ஒரு மரக்காலை நட்டிருக்கிறார்கள். அதன்மேல் பலகை, சின்னக் கூரை. பலகையில் இரண்டு மண்பானை, நிறையத் தண்ணீர். மூடிமேல் கொட்டாங்கச்சி அகப்பை.

என்னை யாரும் கேட்கவில்லை. வண்டிப் பாதையில் வைத்திருந்தால் எனக்கென்ன? என் எல்லைக்குள் ஒரு முழம் வந்திருக்கிறது. பர்மாவில் பட்டாளத்தை விட்டு நான் இங்கே வந்தபோது இன்சீன் ஊருக்கு இந்தப் பக்கம் ஆளை மறைக்கும் யானைப்புல். வெட்டியவன் நான். இன்று ரயில்வே லைன் வீடுகளில் குடியிருப்பவர்களுக்கு அது தெரியுமா? இந்தக் கிழவன் யார் என்று கேட்கிறார்கள்.

மார்ச் 4.

பானை மறுபடியும் நிறைந்திருக்கிறது. பேய் வந்து ஊற்றவில்லை.

மார்ச் 7.

விடிவதற்குள் வேலிப் பக்கம் போய் உட்கார்ந்தேன். வந்தவன் ஊ ஷ்வே தா. பக்கத்து நிலத்துப் பர்மாக்காரன் (ஊ என்றால் அவர்கள் பேச்சில் ஐயா), என் வயதுதான் இருக்கும். ஊற்றினான், கை குவித்தான், போய்விட்டான். இத்தனை வருஷமாக அவனோடு மழையைப் பற்றியும் மாட்டைப் பற்றியும் மட்டுமே பேசியிருக்கிறேன். இடுப்பிலிருந்து முழங்கால் வரை பச்சை குத்தியவன். வெள்ளைக்காரன் பர்மா ராஜாவைப் பிடித்துக்கொண்டு போன வருஷம் எங்கே இருந்தான் என்று ஒருநாளும் சொன்னதில்லை. அந்த வருஷம்தான் மின்பு ஊருக்கு மேற்கே பயனியர் பட்டாளத்தில் நான் ரோடு வெட்டிக்கொண்டிருந்தேன். மூங்கில் காட்டிலிருந்து பாய்ந்தவர்கள் என் இடது காதில் பாதியைக் கொண்டு போனார்கள். பாய்ந்தவர்களுக்கும் தொடையில் பச்சைதான்.

மகள் நீலாம்பாள் சிரிக்கிறாள். "தண்ணிப் பானைதானேப்பா, வர்றவங்க போறவங்க குடிக்க."

"இன்னைக்குப் பானை. நாளைக்கு ஒரு கல்லு. மறுநாள் கூரை, அப்புறம் மணி. மணி அடிச்சிட்டா நிலம் யாருது?"

என் பெரியப்பாவின் களத்துமேடு அப்படித்தான் ஒரு பிள்ளையாருக்குப் போனது. பெண்ணுக்கு எப்படிப் புரியும்? இங்கேயே பிறந்தவள். அவனோடு பர்மா பாஷையில் பேசி, அவன் வீட்டு மீன் ஊறுகாய் வாங்கித் தின்கிறாள்.

மார்ச் 12.

சபாபதி மேஸ்திரி வந்தார். துறைமுகத்தில் ஆள் வைத்து வேலை வாங்குபவர், கோவில் கமிட்டித் தலைவர். நம் ஆள். விஷயத்தைச் சொன்னதும் கொதித்துப் போனார்.

"பட்டாளத்தய்யா, ஒங்க ரத்தம் சிந்தின மண்ணு. விடலாமா? அந்தப் பானைய ஒடைச்சுப் போடுங்க. பெறகு நாங்க இருக்கோம்."

பேசிக்கொண்டே மரத்தைச் சுற்றி அடி வைத்து நடந்தார். கண் மரத்தடியை விட்டு நகரவில்லை. நம்மவர்களில் இப்படி அக்கறை உள்ளவர் ஒருவராவது இருக்கிறார்.

மார்ச் 19.

முள்கம்பி வாங்க ரயிலேறிப் பபேடான் கடைத்தெருவுக்குப் போனேன். மீரா முகைதீன் கடை. எதற்கென்று கேட்டார், சொன்னேன். கல்லாவைத் தட்டிச் சிரித்தார்.

"அண்ணே, பர்மாக்காரன் பானை வச்சா அது புண்ணியம். நம்மாளு கல்லு வச்சாத்தான் அது பட்டா."

நான் சிரிக்கவில்லை. இவர் ஏன் அவனுக்குப் பரிந்து பேசுகிறார்? கடைக்கு வருவதில் பாதிப் பேர் பர்மாக்காரர்கள். கம்பியும் தளர்ந்த சுருளாகத்தான் கொடுத்திருக்கிறார்.

மார்ச் 22.

பானையைச் சுற்றி மூன்று வரிசைக் கம்பி. நானே அடித்தேன். பட்டாளத்தில் கற்ற கட்டு, எளிதில் அவிழாது.

மார்ச் 25.

ரயில்வே லைன் வேலம்மா கம்பிக்குள் கையை விட்டு, ரவிக்கைக் கை கிழிந்து, என் வாசலில் வந்து நின்று கத்தினாள். "தண்ணிக்கு வேலி போட்ட மகராசா, நல்லா இருப்பே!" அந்தச் சொல் காதில் நிற்கிறது. பாதிக் காதானாலும் நிற்கிறது.

ஷ்வே தா சண்டைக்கு வரவில்லை. நீளமாக ஒரு மூங்கிலைப் பிளந்து, கம்பிக்கு வெளியே நின்று அதன் வழியாக ஊற்றுகிறான். சண்டைக்கு வராதவனை நான் நம்புவதில்லை.

ஏப்ரல் 2.

பானைகளைக் காலோடு பிடுங்கிக்கொண்டு வந்து என் மாட்டுக் கொட்டிலில் வைத்துவிட்டேன். உடைக்கவில்லை. சபாபதி உடைக்கச் சொன்னார், ஆனால் நான் ரவுடி அல்ல, சிப்பாய். கைப்பற்றினேன்.

ஏப்ரல் 3.

வந்தான். வெறும் குழியைப் பார்த்தான். குடத்துத் தண்ணீரை மரத்துக்கு ஊற்றிவிட்டுப் போனான்.

ஜெயித்தாயிற்று. பிறகு ஏன் சோறு இறங்கவில்லை? வெயில்தான்.

ஏப்ரல் 13. புதன்.

நமக்கு வருஷப் பிறப்பு, அவர்களுக்குத் திஞ்சான். தெருவெல்லாம் தண்ணீர் வீச்சு. ஷ்வே தா வெள்ளிக் கிண்ணத்தோடு வந்தான். ஒரு கொத்து இலையால் தொட்டு என் தோளில் மூன்று சொட்டு விட்டான். நீலா பாயசம் கொடுத்தாள், உட்கார்ந்து குடித்தான். கொட்டில் கதவு திறந்திருந்தது. பானைகள் அவன் கண்ணில் பட்டன. இன்னும் கொஞ்சம் பாயசம் கேட்டான்.

எனக்குப் பொறுக்கவில்லை. "ராஜாவைக் கொண்டு போன வருஷம் நீ மின்புவில் இருந்தாயா?" என்று பர்மா பாஷையில் கேட்டேன்.

"இருந்தேன், ஊ ரெங்கா. உங்கள் ஆட்கள் சுட்டதும் ஓடினேன்." பாயசத்தை உறிஞ்சினான். "நீங்கள் வெட்டின ரோட்டில்தான் ஓடினேன். நல்ல ரோடு. ஒரு கல் தடுக்கவில்லை."

இது புகழ்ச்சியா, கிண்டலா? காதைப் பற்றிக் கேட்கலாமென்று நினைத்தேன். கேட்கவில்லை. அந்த மரத்தடியில் ஏன் வைத்தாய் என்று மட்டும் கேட்டேன்.

"ஸ்டேஷன் வரைக்கும் வேறு நிழல் ஏது? எல்லாவற்றையும் வெட்டினபோது அந்த ஒன்றை நீங்கள் விட்டீர்கள். வேலி ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்."

உண்மைதான். உட்கார்ந்து சோறு தின்ன ஒரு நிழல் வேண்டும் என்று விட்டேன். எவருக்கும் நினைவில்லாதது இவனுக்கு மட்டும் ஏன் நினைவிருக்கிறது?

ஏப்ரல் 24. ஞாயிறு.

எழுதியே தீர வேண்டும்.

காலையில் மரத்தடியில் கல்! மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, வேப்பிலை செருகிய கல். என் முள்கம்பியை வெட்டி ஓரமாகச் சுருட்டி வைத்திருக்கிறது. சூடம் எரிகிறது. பக்கத்தில் சபாபதியும் கமிட்டி ஆட்கள் நாலு பேரும்.

"அம்மா கனவுல வந்தாய்யா. இந்த மரத்தடிதான்னு தெளிவாச் சொல்லிட்டா."

"என் நிலத்துக்கு ஒன் கனவுல எதுக்குய்யா வர்றா? எனக்குக் கனவு வராதா? என் வீட்டுக்கு அவளுக்கு வழி தெரியாதா?"

"கோவப்படாதீங்க. வர்ற வெள்ளிக்கிழமை அஸ்திவாரம். தகரக் கூரை. மொதக் கல்லுல ஒங்க பேரப் போடுறோம்."

என் பேரை! என் மண்ணில் எனக்கே கல்வெட்டா? அடி வைத்து அடி வைத்து நடந்தானே, அளந்திருக்கிறான் பாவி! நான் அக்கறை என்று எழுதி வைத்திருக்கிறேன்! பானையை எடுத்து நான் காலி செய்து கொடுத்த இடத்தில் கல்லை வைத்துவிட்டான்.

அவர்கள் போன பிறகு கல்லைத் தூக்கி எறியக் குனிந்தேன். துப்பாக்கிக்கு முன்னால் நின்றவன் நான். மஞ்சள் பூசிய கல்லைத் தொடக் கை வரவில்லை. அவனுக்கு அது தெரியும். அதை நம்பித்தான் வைத்தான்.

ஏப்ரல் 25.

போலீசுக்குப் போகலாமா? சாமியைத் தூக்கச் சொன்னவன் என்று ஊர் முழுக்கப் பேசும். நீலா வந்து சோறு போட்டுவிட்டுப் போகிறாள். "நான் அப்பவே சொன்னேன்" என்றாவது சொல்லித் தொலைக்கலாம்.

வெயில் தாங்கவில்லை. தலையில் ஒரு சொம்பு ஊற்றிக்கொண்டபோது ஒன்று தோன்றியது. கல்லைத் தொடக் கூடாது. தண்ணீர் ஊற்றக் கூடாது என்று யார் சொன்னது?

ஏப்ரல் 26.

ஷ்வே தாவிடம் போய் உதவி கேட்கவில்லை. அதை இங்கே எழுதி வைக்கிறேன். பானைக் காலைத் தோளில் வைத்துக்கொண்டு அவன் வேலி ஓரமாக நடந்தேன், அவ்வளவுதான். இரண்டு பானையையும் தூக்கிக்கொண்டு அவனாகப் பின்னால் வந்தான். கல்லை ஒட்டியே நட்டோம். பிறகு நான் கல்லின்மேல் ஒரு குடம் ஊற்றினேன். அவன் எதற்கென்று கேட்காமல் ஒரு குடம் ஊற்றினான். பாதி மஞ்சள் போய்விட்டது.

ஏப்ரல் 28.

காலையில் சபாபதி ஆள் மஞ்சள் பூசுகிறான். மத்தியானம் நாங்கள் ஊற்றுகிறோம்.

ஏப்ரல் 29. வெள்ளி.

மேளம், தேங்காய், கடப்பாரையோடு வந்தார்கள். விடியற்காலையிலிருந்து நாங்கள் ஊற்றிக்கொண்டிருந்தோம். ஷ்வே தா என்னைவிட அதிகம் தூக்கினான். வேண்டுமென்றேதான்.

சபாபதி சேற்றில் கால் வைத்து வழுக்கினார். "என்னய்யா இது கூத்து?"

"சித்திரை வெயிலு. அம்மனுக்குச் சூடு ஆகாது. குளிர வைக்கிறேன்."

"பர்மாக்காரன் ஊத்துறதா?"

"அவன் தண்ணி மட்டும் சுடுமா?"

அவர் வாயைத் திறப்பதற்குள் கூட்டத்திலிருந்து வேலம்மா முன்னால் வந்தாள். கிழிந்த கையைத் தைத்த அதே ரவிக்கை. "பெருசு சொல்றது நெசந்தான். அம்மா குளுரட்டும்" என்று தன் குடத்தைக் கவிழ்த்தாள். பிறகு லைன் பெண்கள் வரிசையாக. அம்மனுக்கு ஊற்றாதே என்று மேஸ்திரி எப்படிச் சொல்வார்? அஸ்திவாரத்துக்கு நட்ட முளைக்குச்சி எல்லாம் சாய்ந்தது. பானை நின்ற காலைப் பிடுங்க ஓர் ஆள் கை வைத்தான். பாதையில் நின்ற பர்மாக்காரர்கள் பேச்சை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தார்கள். கையை எடுத்துக்கொண்டான்.

"மழை முடியட்டும், பாப்போம்" என்று போனார் சபாபதி.

வேலம்மா என்னைப் பார்த்துக் கண்ணடித்தாளா? இவளுக்கு என்ன வேண்டுமாம்?

மே 11.

அம்மன் இப்போது ரயில்வே பட்டறைக்குப் பின்னால் வேறு மரத்தடியைக் கேட்டிருக்கிறாளாம். மறுபடியும் சபாபதி கனவில்தான். அந்த நிலத்துக்காரனுக்கு நீலா மூலம் சொல்லி அனுப்பியிருக்கிறேன்: குடம் தயாராக வை.

மே 21. சனி.

மழை பிடித்துவிட்டது. கல்லில் மஞ்சள் இல்லை. கீரைக்காரி கூடையை அதன்மேல் இறக்கி வைத்துவிட்டு இரண்டு அகப்பை குடித்தாள்.

ஷ்வே தா வரவில்லை. முழங்கால் வீக்கம் என்கிறாள் நீலா. நம்பவில்லை, நேரில் போய்ப் பார்த்தேன். வீங்கித்தான் இருக்கிறது. பட்டாளத்துத் தைலம் இருந்தது, கொடுத்தேன். பானைக்கு இப்போது நான்தான் ஊற்றுகிறேன், அவன் எழுந்து நடக்கும் வரை.

மிச்சம் இருந்த முள்கம்பியையும் கழற்றிவிட்டேன். மழையில் துருப்பிடிக்கும்.