கிரிகோரி வீட்டு அலுமாரி

லாச்சப்பல், பாரிஸ்

அன்புள்ள மகள் சாம்பவிக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம். நீயும் சுகம் என்றுதான் சொல்கிறாய், ஆனால் எனக்கு நம்பிக்கை வரவில்லை, அதுதான் தையல் கடையில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். போனில் கதைக்கலாம்தான், ஆனால் நீ ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய், வீட்டுக்காரர் கிரிகோரி பக்கத்திலேயே நிற்கிறார். தமிழ் தெரியாதென்றாலும் குரலை வைத்தே விளங்கிக்கொள்கிற ஆள் போலத் தெரிகிறார். ஆய்வுக்கென்று பெலருசுக்கு வந்த யாரோ ஒரு பிள்ளைக்கு வாடகை வாங்காமல் அறை தருகிறார், சூப் வைத்துத் தருகிறார். ஏன் தருகிறார்? நீ அனுப்பிய அவர் வீட்டுப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அலுமாரிக் கதவில் செதுக்கியிருப்பது அவர்களுடைய எழுத்தில்லை, யூதர்களின் எழுத்து, இங்கே ஸ்டாலின்கிராட் மெட்ரோவுக்குப் பக்கத்து யூத இறைச்சிக் கடைப் பலகையில் அதைக் கண்டிருக்கிறேன். தன் தாத்தா சந்தையில் வாங்கியது என்று கிரிகோரி சொன்னாராம், நீயும் கொப்பியில் எழுதிக்கொண்டாயாம். நாற்பத்திரண்டாம் ஆண்டு அந்தச் சின்னப் பட்டணத்து யூதச் சனத்தை ஜெர்மன்காரர் ஆலைக்குப் பின்னால் குழி வெட்டி ஒரே நாளில் சுட்டார்கள் என்று நீதானே சொன்னாய்? பிறகு சந்தையில் அந்த அலுமாரியை விற்றது யார்? அப்பாவோ, "நீ ஆரைத்தான் நம்பினனீ? அந்த மனுசன் பாவம், விடு" என்கிறார். அப்பாவுக்கு எல்லோரும் பாவம்.

எனக்கு எப்படித் தெரியும் என்பாய். தொண்ணூறாம் ஆண்டு யாழ்ப்பாணத்து முஸ்லிம் சனத்தை இரண்டு மணித்தியாலத்தில் வெளியேறச் சொன்னது புலிகள் இயக்கம். அடுத்த கிழமை என் அப்பா, உன் அம்மப்பா, ஒரு தையல் மெஷின் கொண்டுவந்து வைத்து, "வாங்கினதுதான் பிள்ளை, பழகு" என்றார். ஊசிக்கடியில் பாதி தைத்த சின்னச் சட்டை ஒன்று அப்படியே இருந்தது. எங்கே வாங்கினீர்கள் என்று நான் கேட்கவில்லை. சட்டையை உருவிப் போட்டுவிட்டுத் தைக்கப் பழகினேன். அந்தத் தொழில்தான் உன்னைப் படிக்கவைத்தது. வெட்கத்தில் இத்தனை வருடம் உனக்குச் சொல்லவில்லை.

கிரிகோரியைப் பொலிஸ் மாதிரி விசாரிக்காதே. முதலில் என் கதையைச் சொல், பிறகு அலுமாரியைக் கேள். அதற்குப் பிறகும் சந்தை என்றுதான் சொன்னால் வேறு அறை பார்.

நீ நோய்நொடியில்லாமல் நல்லாயிருக்க வேண்டும். குளிருக்குத் தொப்பி போடு. மறந்துவிடாதே, மெஷின் மேசையின் இழுப்பு லாச்சியில் பென்சிலால் எழுதியிருந்த பெயர் ரஹ்மத் உம்மா. அங்கிருந்து போனவர்கள் பலர் புத்தளத்தில் இருக்கிறார்கள். செத்தவர்களின் பெயர்களை அவ்வளவு தூரம் போய்த் தேடுகிறாய், உயிரோடு இருக்கக்கூடிய இந்த ஒருவரையும் எனக்காகத் தேடித் தா. அவர் முன்னால் போய் நின்று என்ன சொல்வதென்று எனக்குத் தெரியாது, ஆனால் போவேன்.

அன்பு அம்மா,
கோசலை