மீட்டர் சரியாகத்தான் காட்டுகிறது

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இதைக் கையில் வாங்கியதும் நின்ற இடத்திலேயே படி. முதல் வேலையாக இன்னும் இரண்டு கேன் டீசலை வண்டியில் ஏற்று. ஏற்றிவிட்டு வந்து மீதியைப் படி. இடமில்லை என்றால் பாப்பாவின் மூன்று சக்கர சைக்கிளை இறக்கு. அழுதால் அழட்டும். மைலேஜுக்கு நான் சொன்ன கணக்கு தப்பு. முழுத் தப்பு.

சுகமா என்று விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. அவசரத்தில் எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். எங்களுக்கு ஒன்றும் இல்லை. கடை திறந்துதான் இருக்கிறது. வாசலில் இரண்டு வண்டி பஞ்சருக்கு நிற்கிறது, நான் ஒருத்தரையும் திரும்பிப் பார்க்கவில்லை. நீ வேலை பார்க்கும் முகாமுக்குச் சாமான் ஏற்றும் லாரி நாலு மணிக்குப் புறப்படுகிறது. இப்போது மணி இரண்டே கால். அதற்குள் எழுதி முடித்து டிரைவர் கையில் கொடுக்க வேண்டும்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் அக்காவுக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று சிரித்துவிட்டு நீ பாட்டுக்குப் புது முகாமுக்குக் கிளம்பிவிடுவாய். உன்னை எனக்குத் தெரியாதா?

இன்று காலை மாட்டு டாக்டர் கடைக்கு வந்தார். போன மாதம் உன்னைப் போலவே ஜீப்பை உசத்தி, இருபத்தொன்பது அங்குல டயரைக் கழற்றிவிட்டு முப்பத்து மூன்று அங்குலம் மாட்டிக்கொண்டு போனாரே, அவர்தான். உனக்குச் சொன்ன பாடத்தைத்தான் அவருக்கும் சொல்லி அனுப்பியிருந்தேன். பெரிய சக்கரம் ஒரு சுற்றுக்கு அதிக தூரம் போகும், மீட்டருக்கு அது தெரியாது, பழைய சக்கரம் என்றே நினைத்துக் குறைத்துக் காட்டும், ஆகவே மீட்டரில் வருவதை 1.14ஆல் பெருக்கினால்தான் உண்மையான தூரம் என்று. மனிதர் வந்ததும் வராததுமாக, "உங்க பெருக்கல் எனக்குச் சரிப்பட்டு வரலைம்மா, மீட்டர் கரெக்டாத்தான் காட்டுது" என்றார்.

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று உனக்குத் தெரியும். இருபது வருடமாக டயர் மாட்டுகிறவளுக்கு மாட்டுக்கு ஊசி போடுகிறவர் சக்கரக் கணக்குச் சொல்லித் தருகிறாரா என்று கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் ஜீப்பிலேயே ஏறி உட்கார்ந்து, பெரிய ரோட்டுக்கு விடுங்கள், கிலோமீட்டர் கல்லைப் பார்த்துவிடுவோம் என்றேன். பத்துக் கல் போனோம். என் கணக்குப்படி மீட்டரில் எட்டே முக்கால்தான் வந்திருக்க வேண்டும். பத்து காட்டியது. நூல் பிசகாமல் பத்து.

திரும்பி வந்து இறங்கினேன். உன் அத்தான் ஒரு வண்டியின் மீட்டர் பலகைக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டு கிடந்தார். டாக்டர் வண்டி மீட்டரை நீங்கள் ஏதாவது செய்தீர்களா என்று கேட்டேன். தலையை வெளியே எடுக்காமலே சொன்னார், மீட்டர் கேபிள் முனையில் இருக்கிற சின்னப் பல்சக்கரத்தை மாற்றிவிட்டேன், இப்போது பெரிய டயருக்குச் சரியாகக் காட்டும், பெரிய டயர் போடுகிற எல்லா வண்டிக்கும் அப்படித்தான் செய்கிறேன் என்று. எப்போதிலிருந்து என்று கேட்டேன். "மொதல்ல தம்பி வண்டிக்குத்தான் போட்டேன்" என்றார்.

மாட்டு டாக்டர்தான் என்னைப் பிடித்து உட்கார வைத்தார். அத்தான் எழுந்து போய் ஒரு டப்பாவைத் திறந்து, காகிதத்தில் சுற்றி வைத்திருந்த பழைய பல்சக்கரத்தைக் காட்டினார். அந்தக் காகிதத்தில் உன் வண்டி நம்பர் இருக்கிறது. இந்த உறைக்குள் அதையும் வைத்திருக்கிறேன், பார்த்துக்கொள்.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்பாய். அந்த ஒன்பது நாள் உனக்கு ஞாபகம் இருக்கும். என்னைக் கேட்காமல் என் கம்ப்ரசரை எதிர்க்கடைக்காரருக்கு இரவல் கொடுத்தார் என்று நான் அவரோடு பேச்சை நிறுத்தியிருந்தேன். ஒரே கடைக்குள் நான் டயரோடும் அவர் மீட்டரோடும் உட்கார்ந்துகொண்டு, வருகிற வாடிக்கையாளரை நடுவில் வைத்து, "அந்தம்மாகிட்ட சொல்லுங்க", "அவர்கிட்ட சொல்லுங்க" என்று பேசிக்கொண்டோம். நீகூட வயிறு வலிக்கச் சிரித்தாய். உன் வண்டியை முகாமுக்கு லாரியில் ஏற்றிய அன்று, நான் மதியம் சாப்பிடப் போன அரை மணி நேரத்தில் இவர் பல்சக்கரத்தை மாற்றியிருக்கிறார். நான் சாப்பிட்டு வந்து, 'மீட்டர் × 1.14' என்று பெயின்ட்டில் எழுதி, அந்த அட்டையை ஸ்டியரிங் பக்கத்தில் கட்டிவிட்டேன். அவர் அட்டையைப் பார்க்கவில்லை. நான் பல்சக்கரத்தைப் பார்க்கவில்லை. அப்புறம் சமாதானம் ஆகிவிட்டோம், கம்ப்ரசரும் திரும்பி வந்துவிட்டது, இதைச் சொல்ல அவருக்கு மறந்தே போய்விட்டது. சரி செய்ததையே நீ மறுபடியும் சரி செய்துகொண்டிருக்கிறாய், என் பேச்சைக் கேட்டு.

போன மாதம் நீ போட்ட கடிதத்தை இப்போது எடுத்து வைத்துப் பார்க்கிறேன். முகாமிலிருந்து மூன்றாம் கிணறு நூறு கிலோமீட்டர் என்று அங்கே எல்லோரும் சொல்கிறார்கள், உன் பெருக்கலுக்கு நூற்றிப் பதினான்கு வருகிறதே அக்கா என்று எழுதியிருக்கிறாய். நூற்றிப் பதினான்கு! அந்த எண்ணைப் பார்த்ததுமே எனக்கு உறைத்திருக்க வேண்டாமா? நான் என்ன பதில் போட்டேன்? அங்கே இருப்பவர்கள் கண்ணால் அளந்து சொல்வார்கள், பள்ளிக்கூடத்திலிருந்தே கணக்கில் கோட்டை விட்டவன் நீ, அக்கா சொல்வதைக் கேள் என்று போட்டேன். உங்கள் பெரிய டிரைவர் ரெண்டு கேன் கூடுதலாக எடுத்துக்கொள்ளச் சொல்கிறார் என்றும் எழுதியிருந்தாய். அவர் பயந்தாங்கொள்ளி என்று கேலி செய்தேன். தம்பி, அது கணக்கு இல்லை, வெறும் திமிர். உன்னைவிட நான் கெட்டிக்காரி என்று காட்டிக்கொள்ளும் ஆசை எனக்கு இன்னும் போகவில்லை.

இப்போது உண்மைக் கணக்கைக் கேள். சின்ன டயரில் உன் வண்டி லிட்டருக்குப் பத்து கொடுத்தது. பெரிய டயர் கனம், என்ஜின் முக்கித்தான் அதைச் சுற்ற வேண்டும், உசத்திய வண்டியில் காற்றும் முட்டும், மைலேஜ் விழத்தான் செய்யும். எட்டு கொடுக்கிறது என்று சந்தோஷமாக எழுதியிருந்தாய். அது 1.14ஆல் பெருக்கியதால் வந்த எட்டு. உண்மையில் ஏழுதான். டேங்கில் அறுபது, ஒரு கேனில் இருபது, ஆக எண்பது லிட்டர். எட்டென்றால் அறுநூற்று நாற்பது, வெட்டவெளியைத் தாண்டிப் புது முகாமுக்கு அறுநூறு, நாற்பது மிச்சம் என்று நீ போட்டாய். ஏழென்றால் ஐந்நூற்று அறுபதிலேயே வண்டி நின்றுவிடும். அதுவும் தரை கெட்டியாக இருந்தால். மணலில் அதற்கும் முன்னாலேயே நிற்கும். நடுவில் ஒரு பங்க் கிடையாது, மனிதர் கிடையாது, போகிற வருகிற வண்டி வாரத்துக்கு ஒன்று என்று எழுதியவன் நீதான். புருஷன் பெண்டாட்டி மட்டும் என்றாலும் ஏதோ சமாளிப்பீர்கள். நாலு வயதுக் குழந்தையை வைத்துக்கொண்டு என்ன செய்வாய்?

என் மேல் நம்பிக்கை போயிருந்தால் நியாயம்தான். நீயே சோதித்துப் பார். மூன்றாம் கிணறு ரோட்டில் கொஞ்ச தூரம் போய் அங்குள்ளவர்கள் சொல்லும் தூரத்தோடு மீட்டரை ஒத்துப் பார். பெருக்காமல் பார். பார்த்ததும் அந்த அட்டையைப் பிய்த்து எறி.

உங்கள் கம்பெனித் தலைமை அலுவலகத்துக்குப் போன் செய்தேன். உங்கள் முகாமுக்கு வயர்லெஸ்ஸில் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். அது ஆபீஸ் விஷயத்துக்கு மட்டும்தான் என்றார் குமாஸ்தா. அழுதேன். "சரி சரி, குறிச்சு வச்சுக்கறேம்மா" என்றார். என்ன குறித்தீர்கள், திருப்பிச் சொல்லுங்கள் என்றால் போனை வைத்துவிட்டார். உன் அத்தான் கிரீஸ் கையைக்கூடக் கழுவாமல் அங்கே போயிருக்கிறார். வயர்லெஸ்ஸில் சொல்லும்வரை அந்த வாசலை விட்டு நகர மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார். கிளம்பும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அவரைத் திட்ட எனக்கும் வாய் வரவில்லை. அவர் செய்தது நல்ல வேலை, நான் செய்ததும் நல்ல வேலை என்றுதான் இரண்டு பேரும் நினைத்தோம்.

லாரி வெள்ளிக்கிழமை சாயங்காலம் முகாமுக்கு வந்துவிடும். நீ சனிக்கிழமை காலையில்தான் புறப்படுவதாக எழுதியிருக்கிறாய். அதைத்தான் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் நீ சொன்ன நேரத்துக்கு என்றைக்குக் கிளம்பியிருக்கிறாய்? எட்டு மணி ரயிலுக்கு ஆறு மணிக்கே பெட்டியோடு நிற்கிற ஆள் நீ. இந்த ஒரு தடவை சோம்பேறியாக இரு, தம்பி. நன்றாகத் தூங்கு. உன் வீட்டுக்காரி கிளம்ப நேரமாக்குகிறாள் என்று எப்போதும் குறைப்பட்டுக்கொள்வாயே, அவள் இன்னும் நேரமாக்கட்டும். நீங்கள் மூன்று பேரும் நன்றாக இருக்க வேண்டும். போய்ச் சேர்ந்ததும் ஒரு வரி எழுது. திட்டி எழுதினாலும் சரி.

உன் அக்கா

இந்தக் கடிதத்தைப் பிரித்தவர் என் தம்பி இல்லை என்றால், ஐயா, நீங்கள் யாராக இருந்தாலும் உங்களுக்கு இது. அவன் கிளம்பிவிட்டான் என்று அர்த்தம். மேலே எழுதியதையெல்லாம் படிக்க வேண்டாம். டீசலும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு புது முகாம் போகும் தடத்தில் உடனே போங்கள். ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் மெதுவாக, இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே போங்கள். வெள்ளை ஜீப், உயரமான டயர். தம்பி வண்டியை விட்டுவிட்டு உதவி தேடி நடந்து போயிருப்பான், சும்மா உட்கார அவனுக்குத் தெரியாது. அவனையும் தேடுங்கள். வண்டிக்குள் அவன் மனைவியும் குழந்தையும் இருப்பார்கள். குழந்தை புது ஆளைக் கண்டால் சீட்டுக்கு அடியில் ஒளிந்துகொள்வாள், கூப்பிட்டால் வரமாட்டாள். அத்தை அனுப்பினாள் என்று சொல்லுங்கள், வருவாள்.