டெய்சிக்கு வந்த சீட்டு

ஜூன் 4, செவ்வாய்

சர்ச் ஹாலில் சீட்டுக் குலுக்கினார்கள். வீட்டில் சாவு விழுந்தவர்களை வைத்து ஹாரிகா என்கிற காலேஜ் பொண்ணு மனசைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். சீட்டில் எனக்கு வந்தது பேசுகிற குழு. என் நாத்தனார் டெய்சிக்குக் காத்திருக்கிற குழு. ஒப்பிட்டுப் பார்க்க அப்படி ஒரு குழு வேண்டுமாம். மூன்று மாதம் கழித்துத்தான் அவர்களுக்குப் பேச்சு.

"இங்க பேசறத அந்தக் குழுவுல சொல்லிப்போடாதீங்கம்மா, ரெண்டும் கலந்துரும்" என்றாள் ஹாரிகா. தலையாட்டினேன்.

இரண்டு பேரும் இழந்தது ஒரே ஆளைத்தான். எனக்குப் புருசன், அவளுக்கு அண்ணன்.

ஜூன் 11

குழுவில் சொல்லிவிட்டேன். அன்றைக்கு அவர் நெஞ்சு வலிக்குது என்றார். வாயுவாக இருக்கும் என்று ஓமத்தண்ணி கொடுத்துப் படுக்க வைத்தேன். தூக்கத்திலேயே போய்விட்டார் என்றுதான் ஊருக்குச் சொன்னது. டெய்சிக்கும்.

யாரும் என்னைத் திட்டவில்லை. திரும்பும்போது பசித்தது. பசித்ததற்கே வெட்கமாக இருந்தது.

ஜூன் 15

பக்கத்து வீட்டில் டெய்சி சாப்பிடுவதே இல்லை. எனக்கு மட்டும் ஏன் அந்தச் சீட்டு?

ஜூன் 19

முடியவில்லை. குழுவில் செய்கிற மாதிரியே அவளை எதிரே உட்கார வைத்து எல்லாம் சொன்னேன். அவளுக்கும் லேசாகும் என்று நினைத்தேன்.

"அப்ப, அண்ணன் வலிக்குதுன்னு சொன்னாருங்களா?"

அதோடு எழுந்து போய்விட்டாள். ஐயோ, லேசானது எனக்குத்தானே? எம்பாரத்த அவ தலைல எறக்கி வெச்சுப்போட்டேன்.

ஜூலை 2

அவள் கதவு சாத்தியே இருக்கிறது.

ஜூலை 16

தூக்கம், பசி, அழுகை எல்லாவற்றுக்கும் பூஜ்யம் முதல் நாலு வரை இரண்டு குழுவையும் மார்க் போடச் சொல்வார்கள். கஷ்டம் கூடினால் மார்க் கூடும். ஹாரிகா முகத்தில் இன்று சிரிப்பு. எங்கள் குழுவுக்குக் குறைகிறதாம், காத்திருக்கிறவர்களில் ஒருத்தருக்கு ரொம்ப ஏறிவிட்டதாம். "வித்தியாசம் நல்லாத் தெரியுதுங்கம்மா!"

பேர் சொல்லவில்லை. எனக்குத் தெரியாதா? ஏற்றிவிட்டவள் நான். காத்திருந்ததால் ஏறியது என்று அந்தப் பிள்ளை எழுதப் போகிறாள்.

ஜூலை 17

ஹாரிகாவிடம் சொன்னேன். முகம் செத்துப்போனது. "ஏனுங்கம்மா இப்படிப் பண்ணிப்போட்டீங்க? உங்க ரெண்டு பேரையும் கணக்குல சேக்க முடியாதுங்க."

"என்னைய எடுத்துப்போடு கண்ணு. அவள மட்டும் இன்னும் காக்க வெக்காதே."

ஹாரிகா அவளுடைய காலேஜ் மேடத்துக்குப் போன் போட்டாள்.

ஜூலை 23, செவ்வாய்

மேடம் டெய்சியைத் தனியாகப் பார்த்தார். நான் வெளியே பெஞ்சில். உள்ளே டெய்சி என்னைத் திட்டுவது கேட்டது. எழுந்து போகவில்லை.

வெளியே வந்தவள் என் முகம் பார்க்காமல் முன்னால் நடந்தாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து சீட்டில் பையை வைத்திருந்தாள். நான் ஏறினேன்.

பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.