பெயர் போட மனசு வரவில்லை

வியாழன் இரவு, இருங்காட்டுக்கோட்டை.

ஆலை கேன்டீனில் எங்கள் சூப்பர்வைசர் லேப்டாப்பில் ஒரு பழைய துப்பாக்கி விளையாட்டை ஆடிக்கொண்டிருந்தார். புதுக் கணினிகளில் ஓடாத அதன் என்ஜினை, அதாவது அதை இயக்கும் நிரலை, ரசிகர்கள் நாங்கள் சிலர் திருத்தி எழுதி இலவசமாகக் கொடுக்கிறோம்.

"இதுல மவுஸால துப்பாக்கிய குறி பாக்கிற வேலை முழுக்க நான் எழுதினது சார்" என்றேன்.

சிரித்தார். "இன்னாம்மா, தம்பி எழுதினதா?"

எழுதியவர்கள் பட்டியலில் மேரி என்ற என் பெயரைக் காட்டினேன். "ஊர்ல எத்தினி மேரி கீறாங்க! அந்தாளப் பாத்தா சொல்லு, படிக்கட்டு ஏறினா துப்பாக்கி நடுங்குது."

அந்த ஆளாம்! இரண்டு வருடம் ஷிப்ட் முடிந்து வந்து கண் எரிய எழுதியவள் நான்.

அறைக்கு வந்து விளையாட்டை ஓட்டிப் பார்த்தேன். நடுங்கத்தான் செய்தது. என் தப்புதான். திருத்திவிட்டேன். பிழையைச் சொன்னவர் பெயரைப் போட்டு நன்றி சொல்வது எங்கள் வழக்கம். அதற்குத்தான் மனசு வரவில்லை.