பாலத்துக்கும் கூரைக்கும் இடையில்

முந்தாநாள் வேனைக் காலி செய்வதற்காகப் பக்கக் கதவை இழுத்துத் திறந்தேன். பூஞ்சண வாடைக்குள் லேசாகக் கடல் வாசனை. மெத்தையை உதறினால் திருகோணமலை மணல் உதிர்ந்தது. கதவுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். உங்களைக் கேட்காமல் உங்கள் வண்டியை விற்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

எனக்கு ஓட்டத் தெரியாது. ஹட்டன் மழையில் அது நின்ற இடத்திலேயே துருப்பிடிக்கிறது. உங்கள் தம்பிதான் நுவரெலியாவில் ஆள் பார்த்துச் சொன்னார். வாங்குகிறவர் போனில் கேட்ட முதல் கேள்வி, "உயரம் எவ்வளவுங்க? எங்க ஷெட்டுக்குள்ள நிக்கணும்."

முன்கண்ணாடி ஓரத்தில் நீங்கள் எழுதி வைத்த அளவைப் படித்துச் சொல்லியிருக்கலாம். ஏனோ, அளந்துவிட்டே சொல்கிறேன் என்றேன்.

அந்த அளவை நாம் எடுத்த நாள் ஞாபகம் வந்தது. சுற்றுலாக்காரர்களை ஊர் ஊராகக் கூட்டிப்போய், அவர்கள் ஹோட்டலில் படுக்க, சீட்டைச் சாய்த்துப் படுத்தே காலம் கழித்தவர் நீங்கள். கடைசியில் நமக்கென்று ஒரு பழைய வேன் வாங்கினீர்கள். உள்ளே கட்டில், அடுப்பு, தண்ணீர் டாங்கி. உள்ளே நிமிர்ந்து நிற்க வேண்டுமானால் கூரையை உயர்த்த வேண்டும். தேயிலைத் தோட்டத்தை விட்டு வெளியேறும் ஒரே பாதையோ ரயில் பாலத்துக்கு அடியில் போகிறது. அதனால் முதலில் பாலத்தை அளந்தீர்கள். கூரையை உயர்த்தி, சாமான்களை ஏற்றி முடித்த பிறகு வேனை அளந்தீர்கள். நம் ஊரில் சமதரை என்று இருப்பது கோயில் வாசல் சிமெந்துத் தரை ஒன்றுதான். வேன் அதன்மேல் நின்றது. கூரையில் துருத்திக்கொண்டிருந்த காற்று மூடியின் மேல் நீளப் பலகையை வைத்து, ரசமட்டம் பார்த்து, பலகையின் நுனியிலிருந்து டேப்பைத் தொங்கவிட்டீர்கள்.

"கீழ நல்லாப் புடிச்சியா?"

"புடிச்சேங்க. முதுகு ஒடியுது, சீக்கிரம் பாருங்க."

"பாலத்துக்கும் நமக்கும் ரெண்டு விரல் மிச்சம். போதும்மா. இனி கடல் வரைக்கும் போகலாம்."

முதல் தடவை பாலத்தைக் கடக்கும்போது என்னை இறக்கி முன்னால் நிற்கவைத்தீர்கள். நான் அண்ணாந்து பார்த்து, பஸ் கண்டக்டர்கள் சிங்களத்தில் சரி சொல்வதுபோல் "ஹரி, ஹரி" என்று கையசைக்க, நீங்கள் நத்தை மாதிரி ஊர்ந்து வந்தீர்கள். அந்தப் பக்கம் போனதும் ஹாரனை அடித்து ஊரையே எழுப்பினீர்கள்.

இந்தத் தடவை ஏணியில் நானே ஏறினேன். டேப்பின் அடியைப் பிடிக்க ஆளில்லை. கல்லைத் தூக்கி வைத்தேன். மேலே ஏறிப் பலகையைச் சரிசெய்வதற்குள் கல் நழுவியது. இறங்கினேன், வைத்தேன், ஏறினேன். ஒருவழியாகப் பார்த்தால் உங்கள் அளவைவிட மூன்று விரல் கூட. தப்பாகப் பிடித்துவிட்டேனோ என்று மறுபடியும் அளந்தேன். அதேதான். பிறகு புரிந்தது. கட்டில், கேஸ் சிலிண்டர், டாங்கித் தண்ணீர், ஸ்பேனரும் ஜாக்கியும் கிடக்கும் உங்கள் ஆயுதப்பெட்டி எல்லாவற்றையும் இறக்கியாயிற்று. சுமை போனதும் வண்டி நிமிர்ந்துகொண்டது.

ஷெட்டுக்கு அந்த உயரம் சரிப்பட்டது. பாலத்துக்குச் சரிப்படவில்லை.

நேற்று பின்னேரம் வண்டியை எடுக்க வந்த டிரைவரிடம் விஷயத்தைச் சொல்லி, பாலம் வரைக்கும் கூடவே போனேன். அவர் இறங்கி எட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். "இடிக்கும் அக்கா. இது போகாது."

அந்த நிமிஷம் எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? போகாவிட்டால் போகட்டும், இங்கேயே கிடக்கட்டும் என்று நினைத்தேன். அதற்குள் பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்த பெண்கள் கூடிவிட்டார்கள்.

"சாமான் இல்லாம வண்டி தூக்கிக்கிட்டு நிக்குதாக்கா? அப்ப நாங்க ஏறுறோம்!"

"கூடையோட ஏறுங்கடி, வெயிட்டு பத்தாது!"

"இவ ஒருத்தி ஏறினா போதும், டயரே பதுங்கிரும்!"

சிரித்துக்கொண்டே ஒருவர் மடியில் ஒருவராக நெருக்கி உட்கார்ந்தார்கள். வேன் மெல்லத் தணிந்தது. நான் பாலத்துக்கு அடியில் போய் நின்று அண்ணாந்து பார்த்தேன். "ஹரி... ஹரி..." குரல் பாலத்தில் பட்டு எனக்கே திரும்பி வந்தது. மூடி எதிலும் உரசவில்லை. அந்தப் பக்கம் போய் எல்லாரும் இறங்கினார்கள். ஒருத்தி என் தோளைத் தட்டி, "போயிருச்சுக்கா" என்றாள். பிறகு அவரவர் லயத்து வீட்டுக்கு நடந்தார்கள். யாரும் ஹாரன் அடிக்கவில்லை.

டிரைவர் தலையை வெளியே நீட்டி, "அப்ப போயிட்டு வர்றேன் அக்கா" என்றார்.

அந்த வண்டி இனி எங்கே வரப்போகிறது? ஆனாலும் வாய் தானாகச் சொன்னது. "சரி, போயிட்டு வாங்க."

கடைசியாகச் சுற்றுலாக்காரர்களோடு ஹயருக்குக் கிளம்பிய காலையில் நீங்களும் வாசலில் நின்று அதைத்தான் சொன்னீர்கள். ஹோட்டல் வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை என்று மத்தியானம் போன் வந்தது. அன்றைக்கும் நான் ரொட்டிக்கு மாவு பிசைந்த கையோடு எட்டிப் பார்த்து, "சரி, போயிட்டு வாங்க" என்றேன்.

சொன்னதை நான் இன்னும் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை.